மூளையில் டி.பி. கட்டி: ஆபரேஷன் செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

மேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அண்ணன், தன் தங்கையைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

தங்கைக்கு 24 வயது. இரண்டு முறை வலிப்பு வந்து எம்.ஆர்.ஐ. எடுத்ததில், இடது முன்மூளையில் 28 மி.மீ. அளவில் வளையம் போல ஒரு கட்டியும், வேறு இடங்களில் இரண்டு சின்னக் கட்டிகளும் தெரிந்தன. கழுத்தில் நெறி கட்டியிருந்ததால் அதில் ஒன்றை எடுத்துப் பரிசோதித்தார்கள். 'காசநோய்க்குரிய கிரானுலோமா' (அழற்சியால் திரளும் செல்களின் முடிச்சு) என்று ரிப்போர்ட் வந்தது. தினசரி மூன்று கூட்டு மாத்திரை, கூடவே டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு, வலிப்புக்கு ஃபெனிட்டோயின் கொடுத்தார்கள். இப்போது 11 வாரம் ஆகிறது. முகம் உப்பியதால் ஸ்டீராய்டை 24-ஆம் நாளே வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆறாவது வாரத்திலிருந்து தலைவலி. நடையில் லேசான தள்ளாட்டமும் உண்டு. புது எம்.ஆர்.ஐ.யில் பெரிய கட்டி 34 மி.மீ. ஆகியிருக்கிறது, சுற்றிலும் வீக்கம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன், சுமார் நாலு லட்சம் ஆகும் என்கிறார்கள். இன்னொரு டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. 'மாத்திரை வேலை செய்யவில்லை என்பது தெரிந்துவிட்டது. கட்டியை எடுத்துவிட்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டால் கல்யாணத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் அல்லவா? ஆனால் தலையைத் திறந்தால் டி.பி. மூளை முழுக்கப் பரவிவிடும் என்கிறாரே அம்மா?' இதுதான் அவர் கேள்வி.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாத்திரை தோற்றுவிட்டது என்ற முடிவிலிருந்துதான் உங்கள் மற்ற எல்லாக் கேள்வியும் கிளம்புகிறது. அந்த முடிவுக்கு இன்னும் ஆதாரம் இல்லை. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

சரியான மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே மூளையின் டி.பி. கட்டி பெரிதாவது புதிய விஷயம் அல்ல. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் நடக்கும்; சிலருக்கு அதற்குப் பிறகும் வரும். கிருமிகள் சாகும்போது அவற்றின் புரதங்கள் வெளியே வருகின்றன. நோயால் தளர்ந்திருந்த எதிர்ப்புச் சக்தி அந்த நேரத்தில்தான் தேறி எழுந்து, அந்தப் புரதங்கள் மீது பாய்கிறது. கட்டியும் சுற்றியுள்ள மூளையும் வீங்குகின்றன. சில சமயம் புதுக் கட்டிகள்கூடத் தெரியும். ஸ்கேனை மட்டும் பார்த்தால் நோய் முற்றுவது போலத்தான் இருக்கும். இதை அடக்கி வைப்பதற்காகத்தான் ஸ்டீராய்டு.

அந்த ஸ்டீராய்டைத்தான் நீங்கள் 24-ஆம் நாள் நிறுத்தியிருக்கிறீர்கள். மூளைக் காசநோய்க்கு டெக்ஸாமெத்தாசோனை வழக்கமாக 1 கிலோ எடைக்கு 0.4 மி.கி. என்ற அளவில் தொடங்கி, 6 முதல் 8 வாரம் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். வீக்கம் அதிகமுள்ள கட்டிக்கு இன்னும் நீளலாம். நிறுத்தி இரண்டு, மூன்று வாரத்தில் தலைவலி ஆரம்பித்தது என்று நீங்களே தேதி போட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு தேதிகளையும் இரண்டு டாக்டர்களிடமும் சொன்னீர்களா என்பது கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்காவிட்டால், அவர்கள் சொன்ன ஆலோசனை பாதி விவரத்தை வைத்துச் சொன்னது. முகம் உப்பியதைப் பார்த்துப் பயந்ததில் தவறில்லை, யாரும் பயப்படத்தான் செய்வார்கள். மருந்து குறையக் குறைய முகம் பழையபடி வந்துவிடும். ஆனால் வீட்டில் மீந்திருக்கும் மாத்திரையை எடுத்து நீங்களாகத் திரும்பத் தொடங்காதீர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து, இப்போதைய எடைக்கு அளவு போட்டு, டாக்டர்தான் தொடங்க வேண்டும். அளவை அவர் கூட்டிக் கொடுத்தால் திகைக்க வேண்டாம். கூட்டு மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டைச் சீக்கிரமே உடலிலிருந்து கழித்துவிடும்.

தள்ளாட்டத்துக்கு வருவோம். அதையும் கட்டியின் கணக்கில் எழுதிவிட்டீர்கள். கூட்டு மாத்திரையில் உள்ள இன்னொரு மருந்தான ஐசோநியாசிட், ரத்தத்தில் ஃபெனிட்டோயின் அளவை ஏற்றும், ரிஃபாம்பிசின் இறக்கும். இரண்டும் சேரும்போது எது ஜெயிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அளவு ஏறினால் தள்ளாட்டம், தூக்கக் கலக்கம், கண் துடிப்பது போன்ற அசைவு எல்லாம் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் ஃபெனிட்டோயின் அளவு தெரிந்துவிடும். டி.பி. மருந்தோடு அவ்வளவாகச் சண்டை போடாத லெவிடிராசிட்டம் என்ற வலிப்பு மருந்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். மாற்றுவதும் படிப்படியாகத்தான், ஒரே நாளில் பழையதை நிறுத்தினால் வலிப்பு திரும்பிவிடும்.

ஆபரேஷன் எதற்கு உதவும், எதற்கு உதவாது

சி.டி. ஸ்கேன் வருவதற்கு முன், 1950, 60-களில், மூளையில் கட்டி என்று தலையைத் திறந்த பிறகுதான் அது டி.பி. என்பதே தெரியவரும். சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிய அந்தக் காலத்தில், மூளைக் கட்டி என்று வந்தவர்களில் கணிசமானோருக்கு இருந்தது காசநோய்க் கட்டி. இன்று நிலைமை வேறு. கட்டியைத் திறக்காமலே ஓரளவு அடையாளம் காண முடிகிறது. பெரும்பாலானவை மாத்திரையிலேயே கரைகின்றன. அறுவைக்கு இப்போது மிஞ்சியிருப்பது நாலு வேலைதான்.

முதலாவது, மூளை அழுத்தம் ஏறி உயிருக்கோ பார்வைக்கோ ஆபத்து வரும்போது அழுத்தத்தைக் குறைப்பது. இரண்டாவது, மூளை நீர் ஓடும் பாதை அடைபட்டால் அதற்கு வழி செய்வது. சிறுமூளைப் பக்கம் கட்டி இருந்தால் இது அதிகம் நேரும். அதற்குக் கட்டியைத் தொடாமல் வயிற்றுக்குக் குழாய் விடும் ஷண்ட்டே போதும் என்று ஆகலாம். மூன்றாவது, சீழ்க்கட்டி. சாதாரண டி.பி. கட்டியின் உள்ளே இருப்பது இறுகிய பாலாடைக்கட்டி போன்ற பொருள், அதில் கிருமி குறைவு. சீழ்க்கட்டியில் கிருமி கொழித்துக் கிடக்கும், மாத்திரைக்கு அவ்வளவு எளிதில் மசியாது, சீழை எடுக்கத்தான் வேண்டும். எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படங்கள் இதைப் பிரித்துக் காட்ட உதவும். உங்கள் ரிப்போர்ட்டில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நாலாவது வேலைதான் உங்கள் தங்கைக்குப் பொருந்தக்கூடியது: இது உண்மையிலேயே டி.பி.தானா, அப்படியானால் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கண்டுபிடிப்பது. நாடாப்புழு முட்டையால் வரும் கட்டியும் நம் ஊரில் வளையமாகத்தான் தெரியும். ஆனால் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வகுத்த அளவுகோல்படி அது பொதுவாக 20 மி.மீ.க்குள் இருக்கும், அழுத்தமும் ஏற்றாது. 28 மி.மீ.யில் தொடங்கிய கட்டிக்கு அது பொருந்தாது. கழுத்து நெறியிலும் கிரானுலோமா வந்திருப்பதால் டி.பி. என்பது பலமான அனுமானம். ஆனாலும் அனுமானம்தான்.

செய்யாத வேலை ஒன்றும் உண்டு. ஆபரேஷன் டி.பி.யைக் குணப்படுத்தாது. பெரிய கட்டியை முழுதாக எடுத்தாலும் அந்த இரண்டு சின்னக் கட்டிகள் அங்கேயே இருக்கும், நெறிகட்டியும் இருக்கும், ஸ்கேனில் தெரியாத கிருமியும் இருக்கும். ஆபரேஷனுக்கு முன்னும், ஆபரேஷன் நாளிலும், பின்னும் மாத்திரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூளைக் காசநோய்க்கு இங்கே மொத்தம் 9 முதல் 12 மாதம். கட்டி அடங்கவில்லை என்றால் அதற்கும் மேல். கட்டியை எடுத்ததால் அந்தக் காலம் ஒரு வாரம்கூடக் குறையாது.

அம்மாவின் பயம் வெறும் வதந்தி அல்ல என்பதை அவரிடம் சொல்லுங்கள். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முன்னால் இந்தக் கட்டியை எடுத்தவர்கள் பலர் அதன்பின் வந்த டி.பி. மூளைக்காய்ச்சலில் இறந்தார்கள். மருந்தின் பாதுகாப்பில் செய்யும்போது அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆக, மாத்திரையை நிறுத்திவிட்டு ஆபரேஷன் என்ற உங்கள் திட்டம்தான், அம்மா பயப்படும் காரியத்துக்குக் கதவைத் திறந்துவிடும்.

தலைக்கு முன் கழுத்து

கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. எடுத்த நெறிகட்டியை முழுதும் ஃபார்மலினில் போட்டு அனுப்பியதால் 'வேறு டெஸ்ட் செய்ய முடியாது' என்று லேபில் சொன்னார்களாம். அதாவது இது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் டி.பி. என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அதன்பின் கல்ச்சர் வளர்க்க வழியே இல்லை. மைக்ராஸ்கோப்பில் தெரியும் கிரானுலோமா, மருந்துக்கு எதிர்ப்பு உண்டா இல்லையா என்பதைச் சொல்லாது.

ஆனால் கழுத்தில் இன்னும் இரண்டு நெறிகட்டி கையில் தட்டுப்படுகிறது என்கிறீர்கள். மண்டையைத் திறப்பதற்கு முன், ஊசி போட்டு அதிலிருந்து மாதிரி எடுத்து, நார்மல் சலைனில் சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனைக்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். 11 வாரம் மருந்து சாப்பிட்டதால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். சிபிநாட் செத்த கிருமியின் மரபணுவையும் பிடிக்கும், ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இருந்தால் காட்டிவிடும். ஐசோநியாசிட்டுக்கு எல்.பி.ஏ. என்ற தனிப் பரிசோதனை. எதிர்ப்பு இருக்கிறது என்று வந்தால் மருந்துத் திட்டமே மாறும், ஆபரேஷன் பேச்சு பின்னுக்குப் போகும். ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்தால் அதை 'எதிர்ப்பு இல்லை' என்று படித்துவிடாதீர்கள். மாதிரியில் கிருமி சிக்கவில்லை என்று மட்டும்தான் பொருள்.

எய்ச்.ஐ.வி. பரிசோதனை செய்ததாகக் கடிதத்தில் இல்லை. டி.பி. உள்ள எல்லோருக்கும் செய்வது, தயங்க வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கு. தொடங்கும்போது 47 கிலோ, இப்போது 53 என்கிறீர்கள். அரசுத் திட்டத்தில் 35 முதல் 49 கிலோ வரை தினம் 3 கூட்டு மாத்திரை, 50 முதல் 64 வரை 4. எடை 5 கிலோவுக்கு மேல் கூடி அடுத்த படிக்குப் போய்விட்டதால் அளவைத் திருத்த வேண்டும். கட்டி வீங்கியதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அதற்காகக் குறை மருந்தை இழுத்துக்கொண்டு போகக் கூடாது. ஸ்டீராய்டால் நீர் கோத்த எடையா, தேறிய உடம்பா என்றும் டாக்டர் பார்ப்பார். கல்லீரல் பரிசோதனை செய்துவிட்டுக் கூட்டுவார்.

இந்த வாரமே கண் பரிசோதனை

கடிதத்தில் கண் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பொறுக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கும் பெரிய சாட்சி அதுதான். மூளை அழுத்தம் ஏறினால் கண்ணின் பின்புறம் பார்வை நரம்பு வீங்கும். பார்வை முதலில் நன்றாகவே இருக்கும், பிறகு திடீரென்று மங்கும், மங்கியது முழுதாகத் திரும்பாமலும் போகலாம். மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? ஃபண்டஸ் பரிசோதனையும் பார்வைப் புலப் பரிசோதனையும் கேளுங்கள். கண்ணைப் பாதிக்கக்கூடிய டி.பி. மருந்தான எத்தாம்புட்டால் சாப்பிடுவதால் நிறம் பிரித்தறியும் சோதனையையும் கூடவே முடித்துக்கொள்ளலாம்.

நரம்பு வீக்கம் இல்லை, தங்கை தெளிவாகப் பேசுகிறாள், கை காலில் பலவீனம் இல்லை, ஸ்கேனில் மூளையின் நீர் அறைகள் விரியவில்லை என்றால், ஸ்டீராய்டை முறையாகத் திரும்பக் கொடுத்து 4 முதல் 6 வாரத்தில் அதே மெஷினில் கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். நரம்பு வீங்கியிருந்தால் உடனே ஸ்டீராய்டு தொடங்கி, கண்ணை அடிக்கடி பார்க்க வேண்டும்; ஒன்றிரண்டு வாரத்தில் இறங்காவிட்டாலோ பார்வை குறைந்தாலோ ஆபரேஷன் பக்கம் சாய்வேன். முறையான ஸ்டீராய்டுக்கும் சரியான மருந்துக்கும் பிறகும் கட்டி வளர்ந்தால் பயாப்சியோ ஆபரேஷனோ அவசியம். தனியார் ஆஸ்பத்திரி சொன்னது அதீதம் என்று சொல்ல மாட்டேன், 34 மி.மீ., சுற்றிலும் வீக்கம் என்ற படத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் கத்தி ஞாபகம் வரும்.

பொறுத்துப் பார்க்கும் நாட்களில் இவற்றில் ஒன்று வந்தாலும் விவாதம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்:

- எழுப்பினாலும் சரியாக விழிக்காத தூக்கம், குழப்பமான பேச்சு
- காலையில் தலைவலியோடு திரும்பத் திரும்ப வாந்தி
- பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிவது
- ஒரு பக்கக் கை கால் இழுப்பு, பேச்சு குளறுவது
- 5 நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு, அல்லது தெளியாமல் அடுத்தடுத்து வரும் வலிப்பு

ஆபரேஷன்தான் என்று ஆகிவிட்டால்

இரண்டு வகை உண்டு. ஸ்டீரியோடாக்டிக் பயாப்சி என்பது மண்டையில் சிறு துளையிட்டு, ஸ்கேன் காட்டும் வழியில் ஊசியை விட்டு மாதிரி எடுப்பது. கட்டி ஆழத்தில் இருந்தாலோ சந்தேகத்தைத் தீர்க்க மட்டும் என்றாலோ இது போதும். அழுத்தம் குறையாது, ரத்தக் கசிவுக்குச் சிறிய வாய்ப்பு உண்டு. மற்றது கிரேனியாட்டமி, மண்டை எலும்பில் ஒரு பலகையைத் திறந்து கட்டியை எடுப்பது. சில மணி நேரம் ஆகும், அன்றிரவு ஐ.சி.யு., தையல் பிரிக்க 7 முதல் 10 நாள். தலை முழுக்க மழிக்க வேண்டும் என்பதில்லை, கேட்டால் தையல் வரும் பட்டையில் மட்டும் மழிப்பார்கள். கல்யாணப் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை, கேட்கத் தயங்காதீர்கள்.

கட்டி பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். ஓரம் சில இடத்தில் மூளையோடு ஒட்டியிருக்கும். பேச்சு, கை அசைவுக்கான பகுதியை ஒட்டிய துண்டையும் பெரிய ரத்தக்குழாயை ஒட்டிய துண்டையும் நல்ல சர்ஜன் வேண்டுமென்றே விட்டுவிடுவார். மிச்சத்தை மாத்திரை பார்த்துக்கொள்ளும். 'முழுசாக எடுத்துவிட்டீர்களா?' என்று அவரை நெருக்காதீர்கள். உங்கள் தங்கையின் கட்டி இடது முன்மூளையில் இருக்கிறது, வலது கைக்காரர்களுக்குப் பேச்சின் இடம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். 'பேச்சுப் பகுதியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, அதை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?' இந்தக் கேள்வியை அவசியம் கேளுங்கள். ரத்தக் கசிவு, தொற்று, வலிப்பு, புதுப் பலவீனம் ஆகியவற்றுக்கும் ஒவ்வொன்றாக விளக்கம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நெறிகட்டியில் நடந்தது தியேட்டரிலும் நடக்கலாம். ஆகவே முந்தின நாளே எழுதிக் கொடுங்கள்: எடுக்கும் திசுவில் ஒரு பகுதி ஃபார்மலினில் பேத்தாலஜிக்கு, ஒரு பகுதி நார்மல் சலைனில் சிபிநாட், கல்ச்சர், எல்.பி.ஏ.வுக்கு. எடுத்துப் போகும் ஆள் யார், எந்த லேப் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். நாலு லட்சம் செலவழித்து மறுபடி 'கிரானுலோமா' என்ற ஒற்றைச் சொல்லை வாங்கி வந்தால் அழுத்தம் குறைந்திருக்கும், கேள்வி அப்படியே இருக்கும்.

பணம் பற்றி: நாலு லட்சத்துக்கு நிலத்தை அடகு வைப்பதற்கு முன், எல்லாப் படங்களையும் அவை பதிந்த குறுந்தகட்டோடு எடுத்துக்கொண்டு மதுரை கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும், ஆனால் முன் அனுமதி வாங்க வேண்டும். அரசின் டி.பி. பதிவேடான நிக்‌ஷயில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாரில் சிகிச்சை என்றாலும் டி.பி.யைப் பதிவு செய்வது 2012 முதல் கட்டாயம். பதிவு இருந்தால் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500. சந்தேகத்துக்கு இலவச எண் 1800-11-6666.

வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே எடுத்துவிடுங்கள். மூளையிலும் நெறியிலும் உள்ள டி.பி. ஒட்டாது, நுரையீரல் அல்லது குரல்வளை டி.பி.தான் காற்றில் பரவும், அதுவும் தட்டில் அல்ல. நெஞ்சு எக்ஸ்ரே சரியாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, பிறகென்ன?

கல்யாணத் தேதியை வைத்து ஆபரேஷனை முடிவு செய்யாதீர்கள். தை மாதத்தில் எந்த வழியில் போனாலும் அவள் மாத்திரையில்தான் இருப்பாள். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, எப்படிச் சொல்வது என்பது முதலில் அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி. கடிதம் முழுக்க அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. மறைத்தால் மாத்திரையையும் மறைத்துத்தான் சாப்பிட வேண்டும், அப்படிச் சாப்பிடுகிறவர்கள்தான் நடுவில் விடுகிறார்கள் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். கல்யாணம் நடந்தால் சிகிச்சை முடியும் வரை கர்ப்பம் தள்ளிப்போடுவது நல்லது. அதற்குக் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, ரிஃபாம்பிசின் அதைப் பயனற்றதாக்கிவிடும். வேறு முறை குறித்து மகப்பேறு மருத்துவரைக் கேட்க வேண்டும். ஃபெனிட்டோயின் கருவைப் பாதிக்கக்கூடியது, அதை மாற்றச் சொல்ல இதுவும் ஒரு காரணம். கட்டி கரைந்த பிறகும் வலிப்பு மருந்து பெரும்பாலும் இரண்டு ஆண்டாவது தொடரும். அதுவரை வண்டி ஓட்டுவதும் கிணற்றில் குளிப்பதும் டாக்டர் அனுமதித்த பிறகுதான். அவள் வேலைக்குப் போக இப்போதும் ஸ்கூட்டியில் மேலூர் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நாளையிலிருந்து நீங்கள் கொண்டுபோய் விடுங்கள்.